அடுப்பு கேட்ட ஆச்சி

எங்கள் முதியோர் இல்லத்தில் சேர்வதற்கு முன் இடத்தைப் பார்க்க வந்த அந்த ஆச்சி, கட்டிலின் உயரத்தையும் குளியலறைக் கைப்பிடியையும் சன்னல் கொக்கியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, எனக்கு அடுப்பு எங்கெ?" என்று கேட்டார்.

"இங்கெ பொதுச் சமையல்தான் ஆச்சி. இனிமே நீங்க அடுப்படிப் பக்கமே போக வேண்டாம், எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிறோம்" என்றேன். இல்லத்தைத் தொடங்கியதிலிருந்து வருகிறவர்கள் எல்லோரிடமும் நான் சொல்லிவந்த வாசகம் அது. பிள்ளைகள் அதைக் கேட்டதும் முகம் தெளிவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

"என்னயப் பாத்துக்க நீங்க இருக்கீக. நான் பாத்துக்க இங்கெ என்ன இருக்கு?"

சென்னையிலிருந்து வந்திருந்த மகள், "அம்மா, சும்மா இரேன்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "ஒரு மாசம் இருந்து பாருங்க ஆச்சி, பெறகு பேசுவோம்" என்றேன். அந்தப் பதிலைத்தான் இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

உடனே ஒப்புக்கொள்ளாததற்குக் காரணங்கள் இருந்தன, அவை எவையும் சாக்கு அல்ல. நாங்கள் குத்தகைக்கு எடுத்திருப்பது, நடுவில் வளவு என்கிற முற்றம் உள்ள பழைய செட்டிநாட்டு வீடு. பங்காளிகள் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கி, முன்னோர்களுக்குப் படையலிடும் படைப்புக்கு அவர்கள் வந்தால் முகப்பையும் வளவையும் ஒழித்துத் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்து வாங்கிய இடம். தூணும் உத்தரமும் பர்மாத் தேக்கு. முன்பிருந்த மின்கம்பிகள் மரச்சட்டத்தின் மேல் ஓடியவை. மாற்றிவிட்டோம் என்றாலும், அறைக்கு அறை கேஸ் சிலிண்டர் வைப்பதை எந்தத் தீயணைப்பு அலுவலரும் ஒப்பமாட்டார். இண்டக்ஷன் அடுப்பில் தீ இல்லை என்பார்கள். ஆனால் அது இரண்டாயிரம் வாட் வரை இழுக்கும், சாதாரண 6 ஆம்பியர் ப்ளக் தாங்காது, சூடான எண்ணெயும் கொதிக்கும் குழம்பும் எந்த அடுப்பில் வைத்தாலும் கையில் கொட்டினால் ஒன்றுதான். சேர்ந்தபோது நல்ல நினைவோடு இருந்தவர்கள், நாளடைவில் காலையில் மாத்திரை போட்டோமா என்பதையே மறப்பதைப் பார்த்தவன் நான். ஒருவருக்கு அனுமதித்துவிட்டு மற்றவருக்கு மறுப்பதென்றால், யாருக்கு நினைவு தப்பத் தொடங்கியிருக்கிறது என்று நானே ஊரறியச் சொன்னதாகிவிடும்.

இவ்வளவும் உண்மை. ஆனாலும் இவற்றை அடுக்கும்போது ஒன்றை விட்டுவிடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. நான் இந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்தவன். செட்டிநாட்டு வீடுகளில் மகனுக்குத் திருமணமானதும் பாத்திரமும் பண்டமும் கொடுத்து 'வேறு வைப்பது' எனக்குப் புதிய செய்தி அல்ல. ஒரே கூரை, ஒரே முற்றம், ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அடுப்பு, தனிக் கணக்கு. கணவர் போன பிறகும் மகன் வீட்டு உலையில் தன் அரிசியைச் சேர்க்காமல், அதே வீட்டின் ஒரு மூலையில் தனக்கென்று பொங்கிச் சாப்பிட்ட ஆச்சிமார்களைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் அதைப் பாசமின்மை என்பார்கள். அது பாசத்தைப் பற்றியதே அல்ல, இன்று என்ன குழம்பு என்று யாரையும் கேட்காமல் இருக்கிற உரிமையைப் பற்றியது. அந்த வீடுகளில் எல்லோருக்கும் சேர்த்துப் பொங்கியது கல்யாணம், படைப்பு போன்ற நாட்களில்தான். அப்படியென்றால் மூன்று வேளையும் பந்தியில் உட்காரச் சொல்கிற என் இல்லம் அந்த ஆச்சிக்கு எப்படித் தோன்றியிருக்கும்? முடிவே இல்லாத கல்யாணத்துக்கு வந்துவிட்ட விருந்தாளியாகத்தான் தம்மை உணர்ந்திருப்பார். விருந்தாளிக்கு நல்ல கவனிப்பு உண்டு, அதிகாரம் கிடையாது.

இதை நான் முன்பே யோசித்திருக்க முடியும் என்று சிலர் சொல்லக்கூடும். தொழிலைத் திட்டமிட்டபோது என் முன்னால் இருந்தவை வேறு. பெற்றோர், மூத்த குடிமக்கள் நலனுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம், பராமரிப்பு என்பதில் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைச் சேர்க்கிறது. நான் அந்த நான்கையும் ஒன்றுக்கு இரண்டாகச் சரிபார்த்தேன். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரம் பட்டால் வழுக்கும் என்று நடைபாதை முழுவதும் விரிப்புப் போட்டேன், நிலைப்படிகளுக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் கட்டினேன். அடுப்பு அந்தப் பட்டியலில் இல்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: கட்டணம் செலுத்துகிறவர்கள் பிள்ளைகள். சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறவர்களுக்கு நான் விற்றது, 'அம்மா இனி அடுப்பில் நிற்க வேண்டாம்' என்ற நிம்மதியைத்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் அறுபதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். இந்தப் பக்கத்திலோ பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பூட்டிய அறைகளுக்கு நடுவே தனியாக இருப்பவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களுக்கு இப்படி ஓர் இடம் வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

ஆச்சி சேர்ந்தார். மாதம் முடிந்தது. அடுப்பைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. எடை கொஞ்சம் கூடியிருந்தது, சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது, இரத்த அழுத்தமும் சீராக இருந்தது. பதிவேட்டைப் பார்க்கிற எவரும் என் பக்கம்தான் தீர்ப்புச் சொல்வார்கள். மகள் தொலைபேசியில், "அம்மா நல்லா செட் ஆயிட்டாங்க சார்" என்று மகிழ்ந்தார். எனக்கும் அப்போது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

பேசுவோம் என்று சொன்னவன் நான் என்பதால், நானே போய், வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒரு மேசை போட்டு, அட்டெண்டர் ஒருவர் பக்கத்தில் இருக்க, காலையில் மட்டும் சமைத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு செய்யலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. ஒத்த ஆளுக்குப் பொங்கி என்ன ஆகப்போகுது?"

பழகிவிட்டார், இதற்கு மேல் தோண்டுவது என் மன ஆறுதலுக்காகத்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். மறுநாள்தான் உறைத்தது: கணவர் இறந்த பிறகு, இங்கே வரும் வரைக்கும், அவர் ஒத்த ஆளுக்குத்தான் பொங்கிக்கொண்டிருந்தார். அப்போது அது அவருக்கு வீண் வேலையாகத் தோன்றவில்லை. ஒரு மாதத்தில் அது மாறியதென்றால், ஓய்வின் அருமை தெரிந்து மாறியதா, கேட்டுப் பயனில்லை என்று தெரிந்து மாறியதா? பக்கத்தில் அட்டெண்டரை நிறுத்திச் சமைக்கச் சொல்வது சமையலா, பரீட்சையா என்றும் அவர் எண்ணியிருக்கலாம். அல்லது இவை எல்லாமே என் கற்பனையாக இருந்து, வயதான ஒருவர் உண்மையிலேயே களைத்துப்போய், போதும் என்று சொல்லியிருக்கலாம். அவரிடம் திரும்பக் கேட்டால் அதே பதிலைத்தான் சொல்வார் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

ஒருமுறை, அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கிற வெண்டைக்காய் மண்டிக்கு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று சமையற்கட்டு வாசலில் நின்று அவர் சொல்லியிருக்கிறார். உள்ளே வரக் கூடாது என்ற விதி இருப்பதால் வாசலிலேயே நின்றிருக்கிறார். சமையல்காரர் அதை என்னிடம் புகாராகச் சொன்னார். நான் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன். அடுத்த முறை மண்டி போட்ட நாளில் அவர் எதுவும் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டபோது, மண்டி சரியாக வந்திருந்ததா என்று சமையல்காரரிடம் விசாரித்தேன். வழக்கம்போலத்தான் வைத்தேன் என்றார்.

இப்போது பின்கட்டில் மேலும் சில அறைகளைச் சீர்படுத்துகிறோம். அறைக்கு ஒரு 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டுமா என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். விதியை நான் மாற்றவில்லை, மாற்றும் எண்ணமும் உறுதியாக இல்லை. இருந்தாலும் கம்பியை மட்டும் இழுத்து, இடுப்பு உயரத்தில் பெட்டி வைத்து, ஸ்விட்ச் போடாமல் மூடிவிடச் சொன்னேன். பயன்படாத பாயின்டுக்கு எதற்கு இந்தக் கனத்த கம்பி என்று அவர் கேட்டார். பிறகு இடிக்காமல் இருக்க என்று சொல்லிவைத்தேன்.