ராயக்கோட்டைப் பாறையில் பூத் தேடும் நடை

ஐப்பசி மழை விட்ட ஞாயிறுகளில் குடும்பமாக, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிற ராயக்கோட்டை மலை ஏறிக்கொண்டிருக்கிறோம். 1791இல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயர் பிடித்த கோட்டை அது. பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் நேராக உச்சிக்குப் போய்விடுவார்கள். எங்கள் வேலையெல்லாம் வழிக்கு இரண்டு பக்கமும் இருக்கிற பாறையில்தான்.

தூரத்தில் இருந்து பார்த்தால் மொட்டைப் பாறை. பக்கத்தில் போய் உட்கார்ந்தால், மழைத்தண்ணீர் கொண்டுவந்து பள்ளங்களில் சேர்த்த மண் தெரியும். விரல் ஆழம்கூட இருக்காது. அந்த ஈரம் காய்வதற்குள் முளைத்து, பூத்து, விதையும் உதிர்த்துவிடுகிற செடிகள் அதில் இருக்கின்றன. எனக்கு இந்த மலையிலேயே பிடித்த இடம் அந்தப் பள்ளங்கள்தான்.

பூவைப் பறிப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டோம். பூ, இலையின் அடிப்பக்கம், முழுச் செடி மூன்றையும் படம் எடுப்போம். மகளின் நோட்டில் முதலில் நிறமும் இடமும் மட்டும் இருந்தன. இப்போது மணியும் சேர்ந்திருக்கிறது. காரணம், விஷ்ணுகிராந்தி. தரையோடு படரும் செடி, சட்டைப் பொத்தான் அளவு நீலப்பூ. காலையில் ஏறும்போது விரிந்து கிடந்தது, உச்சி வெயிலில் இறங்கும்போது மூடியிருந்தது. ஒன்பது மணிக்கு மேல் கிளம்பினால் பாதிதான் பார்க்க முடியும் என்று மகளே சொல்லிவிட்டாள். அதனால் இப்போது விடியும்போதே கிளம்பிவிடுகிறோம்.

அதிக நேரம் பிடித்தது செங்காந்தள். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி, முள்புதரைப் பிடித்து ஏறியிருந்தது. ஆறு இதழும் பின்பக்கமாக வளைந்து மேலே நிற்க, பூவின் நடுவில் இருக்கிற சூல்தண்டு மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. ஒரே கொடியில் பச்சை கலந்த மஞ்சள், பாதி சிவப்பு, முழுச் சிவப்பு மூன்றும் இருந்ததால் மகன் அதை மூன்று வேறு பூ என்றே நினைத்தான். மறுவாரம் அந்த மஞ்சள் பூ சிவந்து நின்றதைப் பார்த்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

“கண்வலிக்கிழங்குச் செடிடா அது, கை வெக்காதே கண்ணு!” என்று அம்மா பின்னால் இருந்து குரல் கொடுத்தார். சரிதான். செடி முழுக்க விஷம். கிழங்கிலும் விதையிலும் இருக்கிற கோல்சிசின் என்கிற நச்சு உயிரையே வாங்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த ஒரு கொடியை முதலில் அடையாளம் காட்டிவிடுங்கள்.

அப்புறம் ஆவாரை, தும்பை, எருக்கு எல்லாம் கீழேயே இருக்கின்றன. அவற்றுக்கு மலை ஏற வேண்டாம். பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற பூளைப்பூ பாறை மேலும் வருகிறதா என்று அம்மா கேட்கிறார். மார்கழிக் கடைசியில் போய்ப் பார்க்க வேண்டும்.