முடிவெடுக்காத நாட்களில் ஜெபம்

ஜூன் 4

வேறு ஊரில் வேலை, இப்போதையதைவிடப் பெரிய பொறுப்பு. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் அம்மா அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். போகாவிட்டால் இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வருமா, தெரியாது.

இரண்டில் எதுவும் பாவமில்லை. கஷ்டமே அதுதான். பொய் சொல்லலாமா என்று கேட்டால் வேதத்தில் நேரடியாகப் பதில் இருக்கிறது. போகவா, இருக்கவா என்பதற்கு எந்த அதிகாரத்தைத் திறப்பது?

ஜூன் 6

காலையில் 2 நாளாகமம் 20. மோவாபியரும் அம்மோனியரும் படையெடுத்து வருகிறார்கள். யோசபாத் ராஜா ஜனங்கள் எல்லோர் முன்பாகவும் நின்று ஜெபிக்கிறான். "நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை, ஆகையால் எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கிறது." ஒரு ராஜா இதை ஊரறியச் சொல்வது சின்ன விஷயமில்லை.

இந்த வசனத்தை எத்தனையோ ஜெபக்கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். அதற்கு முன்னும் பின்னும் வருவதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 'தெரியவில்லை' என்பது அந்த ஜெபத்தின் கடைசியில்தான் வருகிறது. அதுவரை தேவன் யார், முன்னோர்களுக்கு என்ன செய்தார் என்றே சொல்லிக்கொண்டு போகிறான். அப்புறம், பதில் ராஜாவுக்கு வரவில்லை. கூட்டத்தில் நின்ற யகாசியேல் என்ற லேவியன் மூலமாக வந்தது. அவன் வாயைத் திறக்கும்வரை யூதா ஜனங்கள் குழந்தைகளோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள்.

ஜூன் 9

சபையில் ஒரு அக்கா, "கிதியோன் மாதிரி ஒரு அடையாளம் கேளேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து நியாயாதிபதிகள் 6-ஐ நிதானமாக வாசித்தேன். கிதியோன் மயிருள்ள ஒரு தோலைக் களத்தில் போட்டு, பனி அதில் மட்டும் பெய்யட்டும் என்று அடையாளம் கேட்பதற்கு முன்பே, மீதியானியரிடமிருந்து இஸ்ரவேலை விடுவிக்கப் போ என்று கர்த்தர் அவனிடம் சொல்லிவிட்டார். தோலைப் போடும்போது, நீர் ஏற்கெனவே சொன்னபடி என்றுதான் அவனும் பேச்சைத் தொடங்குகிறான். என்ன செய்வது என்பது அவனுக்குத் தெரியும், பயம்தான் போகவில்லை. அந்தப் பயத்தைக் கர்த்தர் இரண்டு தடவையும் பொறுத்துக்கொண்டது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆனால் எனக்கு அப்படி ஒரு கட்டளை இன்னும் வரவில்லை. அதனால் நான் தோல் போடப்போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ளப்போவதும் இல்லை.

ஜூன் 13

இன்று வார்த்தையே வரவில்லை. ஏற்றபடி வேண்டிக்கொள்ள நமக்குத் தெரியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. சரி, இன்றைக்கு அது போதும்.

ஜூன் 17

பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் (1805–1898), தேவசித்தம் அறிவதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அந்தக் காரியத்தில் தனக்கென்று எந்த விருப்பமும் இல்லாத நிலைக்கு மனதைக் கொண்டுவருவதுதான் அதில் முதல் படி. அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இந்த முதல் படியிலேயே நான் நின்றுவிட்டேன். விருப்பத்தை ஒரு பக்கம் தள்ளினால் அது இன்னொரு பக்கமாக வந்து நிற்கிறது.

அதே யோசனையோடு, சிலுவைக்கு முந்தின இரவு இயேசு கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்த பகுதிக்கு வந்தேன். இயேசு விருப்பமே இல்லாதவர்போல் அங்கே ஜெபிக்கவில்லை. இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகிற பாடு, நீங்கட்டும் என்று முதலில் வெளிப்படையாகக் கேட்கிறார். அதற்குப் பிறகுதான் "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்கிறார். ஒரே தடவையில் அது முடிந்துவிடவும் இல்லை. மூன்று முறை போய் ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். விருப்பத்தைச் சொல்லாமல் ஒப்புக்கொடுக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. கையில் இருப்பதைத்தானே கொடுக்க முடியும்?

அதனால் இன்று சத்தமாகவே சொன்னேன். "ஆண்டவரே, எனக்குப் போக ஆசை. அம்மாவை விட்டுப் போகிறவள் என்று நாலு பேர் சொல்வார்களோ என்று பயம்." அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்ற கவலையும், பேர் கெட்டுவிடுமோ என்ற பயமும் இத்தனை நாளும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. சொல்லும்போதுதான் தனித்தனியாகப் பிரிந்தன.

ஜூன் 20

கத்தோலிக்கத் தோழி ஒருத்தி, இயேசு சபைத் துறவிகளின் சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரைப் பற்றிச் சொன்னாள். 1521-இல் பம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவர். வீரதீரக் கனவுகள் முடிந்ததும் மனம் வறண்டு போவதையும், புனிதர்களைப்போல வாழ்வதை நினைத்தால் சந்தோஷம் நெடுநேரம் தங்குவதையும் அந்தப் படுக்கையில்தான் கவனித்தாராம். பின்னாளில் அவர் தந்த ஆலோசனை ஒன்று எனக்காகவே சொன்னதுபோல இருக்கிறது: மனம் இருண்டிருக்கும் நேரத்தில், முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதே. ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு எல்லாமே வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. இனி அந்த நேரத்தில் ஜெபம் மட்டும்தான், யோசனை இல்லை.

முன்பின் தெரியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் என்ன சொல்வாய் என்று யோசித்துப் பார்க்கவும் சொல்கிறார். யோசித்தேன். "முதலில் உன் அம்மாவிடம் கேட்டாயா?" என்று கேட்டிருப்பேன்.

ஜூன் 23

கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்னைக் காரணம் காட்டி நிக்காதே. உனக்கே போக மனசில்லைன்னா அதைச் சொல்லு, நான் ஏத்துக்கிறேன்" என்றார். அண்ணனுக்கு அவரே போன் போட்டார். துரோவாவில், மக்கெதோனியாவுக்கு வந்து உதவும் என்று ஒருவன் அழைக்கிற தரிசனத்தைக் கண்டது பவுல் மட்டும்தான். ஆனால் மக்கெதோனியாவுக்குப் போக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது கூட இருந்த எல்லோரும்தான். அப்போஸ்தலர் 16-இல் 'நாங்கள்' என்று லூக்கா எழுதுவதை இன்று கூடுதல் கவனத்தோடு வாசித்தேன்.

ஜூன் 27

வருகிறேன் என்று பதில் அனுப்பிவிட்டேன். கனவு வரவில்லை, குரல் கேட்கவில்லை. பயம் இன்னும் இருக்கிறது. இதுதான் கர்த்தருடைய சித்தம் என்று யாரிடமும் அடித்துச் சொல்ல மாட்டேன். அவரிடம் எதையும் மறைக்காமல் எடுத்த முடிவு என்று மட்டும் சொல்வேன். ஆபிரகாமும் போகும் இடம் இன்னதென்று அறியாமல்தான் புறப்பட்டான் என்கிறது எபிரெயர் 11.

ஜெபக் குறிப்பை இன்று மாற்றி எழுதினேன். அம்மாவின் முழங்கால் வலி, புது இடத்தில் ஒரு சபை கிடைப்பது. எல்லாவற்றுக்கும் மேலே அண்ணியின் பெயர். வேலைப்பளு அவருக்குத்தான் கூடப்போகிறது, அவரிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. நாளைக்கு நானே போய்ப் பேசுகிறேன்.