மகளின் கையில் நீல இன்ஹேலர்

அடுத்த வாரம் பினாங்கில் பல்கலைக்கழகம் சேரவிருக்கும் என் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில் மருத்துவர் கேள்வி கேட்டபோது, பதிலுக்காக அவள் என் முகத்தைப் பார்த்தாள். இத்தனை ஆண்டுகளும் அவளுக்காக நானே பேசிவந்தது எவ்வளவு பெரிய தவறு என்பது அப்போதுதான் உறைத்தது. 18 வயது நிரம்பியவள், இனித் தன் சிகிச்சைக்குத் தானே ஒப்புதல் தர வேண்டும்.

அன்றிரவே மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாமை ஆகியவற்றை அவள் கையாலேயே எழுதவைத்தேன். மூச்சுத் திணறும்போது இழுக்கும் நீல இன்ஹேலரில் 200 முறைக்கான மருந்துதான் உண்டு என்பதால், திறந்த தேதியை எழுதி அதன் மேல் ஒட்டினாள். நலமாக இருக்கும் நாள்களிலும் விடாமல் எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரைப் பற்றித்தான் பலமுறை சொன்னேன். பிள்ளைகள் முதலில் நிறுத்துவது அதைத்தான். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். அங்கே காட்டுவதற்கான மருத்துவரின் கடிதம் இப்போது அவள் பையில் இருக்கிறது.