உயிரியல் பூங்கா உணவுத் திட்டம்: தேர்வில் கணக்கு எங்கே சறுக்குகிறது?

கால்நடை மருத்துவப் படிப்பில் உயிரியல் பூங்கா விலங்குகளின் உணவு பற்றிக் கேள்வி வந்தால், "புலிக்கு 5 கிலோ மாட்டிறைச்சி, வாரம் ஒரு நாள் பட்டினி" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுபவர்களே அதிகம். பதில் தவறில்லை. ஆனால் அந்த 5 எங்கிருந்து வந்தது என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் பேச்சு நின்றுவிடும். மனப்பாட எண்ணைவிட, அந்த எண்ணுக்கு வந்து சேரும் வழிதான் மதிப்பெண் தரும்.

அடிப்படை ஆற்றல் தேவை (ஓய்வில் இருக்கும் உடலுக்கு வேண்டிய ஆற்றல்) = 70 × உடல் எடையின் 0.75 அடுக்கு, ஒரு நாளைக்கு, கிலோகலோரியில். 0.75 அடுக்குக்கு அறிவியல் கால்குலேட்டர் வேண்டியதில்லை. எடை × எடை × எடை என்று பெருக்கி, விடைக்கு இரண்டு தடவை வர்க்கமூலம் எடுத்தால் போதும். 150 கிலோ பெண்புலிக்கு 33,75,000, முதல் வர்க்கமூலம் 1837, அடுத்தது 42.9. அதை 70-ஆல் பெருக்கினால் சுமார் 3000. கூண்டில் வாழும் வளர்ந்த விலங்குக்குப் பராமரிப்புத் தேவையாக இதன் இரு மடங்கை, அதாவது 6000-ஐ எடுத்துக்கொள்ளலாம். கொழுப்பு குறைந்த இறைச்சியில் கிலோவுக்கு 1400 கிலோகலோரி என்று வைத்தால் நாளுக்கு 4.3 கிலோ, வாரத்துக்கு 30 கிலோ. ஒரு நாள் பட்டினி போக ஆறு நாளுக்குப் பிரித்தால் 5 கிலோ. இப்போது அந்த 5-க்கு ஒரு காரணம் இருக்கிறது.

70 எல்லா உயிருக்கும் பொருந்தாது. கங்காரு போன்ற பையுள்ள பாலூட்டிகளுக்கு 49, மைனா, சிட்டு வகைப் பறவைகளுக்கு 129, மற்ற பறவைகளுக்கு 78, ஊர்வனவற்றுக்கு 10. முதலைக்கு 70 போட்டவர் ஏழு மடங்கு தீனி எழுதியிருப்பார்.

ஆற்றல் சரியாக வந்துவிட்டது என்று இங்கேயே நிறுத்துவதுதான் அடுத்த சறுக்கல். எலும்பில்லாத மாட்டிறைச்சியில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 0.2 சதவீதம், கால்சியம் 0.01 சதவீதம்தான். 5 கிலோவில் பாஸ்பரஸ் 10 கிராம், கால்சியம் அரை கிராம். கால்சியம் குறைந்தபட்சம் பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். 11 கிராம் என்று இலக்கு வைத்தால் 10.5 கிராம் குறைகிறது. கால்சியம் கார்பனேட்டில் 40 சதவீதம் கால்சியம் என்பதால் 26 கிராம் தூள், கிலோ இறைச்சிக்கு 5 கிராம் என்று நினைவில் வைக்கலாம். டைகால்சியம் பாஸ்பேட் என்று எழுதக் கூடாது. அதிலேயே பாஸ்பரஸ் இருக்கிறது, விகிதம் சரியாவதற்குள் தூள் மலைபோல் போட வேண்டியிருக்கும். இதைக் கவனிக்காவிட்டால் முதலில் அடிபடுவது குட்டிகள்: கால் வளையும், லேசாகக் குதித்தாலே எலும்பு முறியும். "எலும்போடுதானே போடுகிறோம்" என்ற பதிலும் செல்லாது. பெரிய தொடை எலும்பைப் புலி நக்கிவிட்டு விட்டுவிடும். அதிலுள்ள கால்சியம் வயிற்றுக்குள் போவதில்லை.

யானைக் கணக்கில் இரண்டு இடத்தில் கோட்டை விடுவார்கள். யானை அசைபோடாது, தீனி நொதிப்பது பெருங்குடலிலும், அதன் தொடக்கத்தில் பை போலிருக்கும் குடல்முனையிலும். எனவே மாதிரி விலங்காகக் குதிரையின் அட்டவணையை எடுக்க வேண்டும், மாட்டினுடையதை அல்ல. இரண்டாவது, ஈரத்தை மறப்பது. 3000 கிலோ யானைக்கு உடல் எடையில் 1.5 சதவீதம் உலர்பொருள் (ஈரம் நீக்கிய தீனி) என்றால் 45 கிலோ. பாதியைக் கோ-4 தீவனப்புல்லிலும் பாதியை வைக்கோலிலும் தருவதாக வைத்துக்கொள்வோம். புல்லில் உலர்பொருள் 20 சதவீதம், ஆகவே 22.5-ஐ 0.20-ஆல் வகுத்து 112.5 கிலோ, வைக்கோலில் 90 சதவீதம், ஆகவே 25 கிலோ. வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கினால் நான்கரைக் கிலோ புல் என்று விடை வரும். அதையும் யோசிக்காமல் எழுதி வைப்பவர்கள் உண்டு! விடை வந்ததும் விலங்கை ஒரு கணம் கண்முன் நிறுத்திப் பாருங்கள்.

மீன் தின்னும் விலங்குகளுக்கு எடைக் கணக்கு எளிது, வைட்டமின்தான் வினா. பல மீன்களில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது, உறைநிலையிலும் அது தயமின் எனப்படும் வைட்டமின் பி1-ஐ மெல்ல அழிக்கும். மீனின் கொழுப்பு கெடும்போது வைட்டமின் ஈ தீர்ந்துபோகும். கிலோ மீனுக்கு 25 முதல் 30 மில்லிகிராம் தயமின், 100 ஐயூ (சர்வதேச அலகு) வைட்டமின் ஈ என்பது வழக்கமான அளவு. மாத்திரையை மீனின் செவுளுக்குள் செருகி, முதல் மீனாகக் கொடுப்பார்கள். உறைந்த மீனைக் குளிர்பெட்டியில் வைத்து இளக்க வேண்டும். தண்ணீர் வாளியில் போட்டால் நீரில் கரையும் சத்தெல்லாம் வாளியோடு போய்விடும்.

எல்லோரும் விடும் பகுதி உட்கொள்ளல் சோதனை. காகிதத்தில் சமச்சீராக இருக்கும் உணவைக் குரங்குக் கூட்டத்தின் முன் வைத்தால் தலைவன் வாழைப்பழத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளும், பெல்லட் (சத்துகளைக் கலந்து அழுத்திய தீனித் துண்டு) தட்டிலேயே கிடக்கும். ஆகவே போட்டதையும் மிஞ்சியதையும் பொருள்வாரியாக எடை போட வேண்டும், குறைந்தது ஐந்தாறு நாள். கீரை தட்டில் கிடந்தே காய்ந்து எடை குறையும். அதையும் தின்றதாகக் கணக்கு வைத்துவிடக் கூடாது. அதே கீரையில் ஒரு கிலோவைக் கூண்டுக்கு வெளியே, விலங்குக்கு எட்டாத இடத்தில், அதே நேரம் வைத்திருங்கள். அது 800 கிராமாகச் சுருங்கியிருந்தால் திருத்தக் காரணி 0.8. போட்டது 10 கிலோ, மிஞ்சியது 2 கிலோ என்றால் உண்மையில் மிஞ்சியது 2-ஐ 0.8-ஆல் வகுத்து 2.5 கிலோ, தின்றது 8 அல்ல, 7.5.

கடையில் வாங்கும் பழத்தில் சர்க்கரை அதிகம், நார் குறைவு. இங்கிலாந்தின் பெய்ன்டன் பூங்கா குரங்குகளுக்கு வாழைப்பழத்தை நிறுத்தியது 2014-இல் செய்தியானது இதனால்தான். நீலகிரி மந்தி போன்ற இலைதின்னிகளுக்கு இது இன்னும் ஆபத்து; அவற்றின் இரைப்பையிலேயே நொதித்தல் நடப்பதால் சர்க்கரை ஏறினால் அமிலம் ஏறும். இருவாச்சிப் பறவைக்கோ உடலில் இரும்பு சேர்வது சிக்கல். குறைந்த இரும்புள்ள பெல்லட்டோடு எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளைச் சேர்க்கக் கூடாது, வைட்டமின் சி இரும்பை உறிஞ்சவைக்கும்.

விடையின் கடைசிப் பத்தியில் மாற்றத்தின் வேகத்தைக் குறிப்பிடுங்கள். இலைதின்னிகளுக்குப் புதிய உணவை ஒரே நாளில் மாற்றினால் குடல் நுண்ணுயிர்கள் தாக்குப்பிடிக்காது, கழிச்சல் வரும். முதல் வாரம் கால் பங்கு, பிறகு பாதி என்று மூன்று நான்கு வாரத்தில் முழுதாக மாற்றி, வாராவாரம் எடையும் தினமும் சாணத்தின் தன்மையும் குறித்துவர வேண்டும்.