கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?

பக்கவாதம் என்று ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்ததும் கேஷுவாலிட்டியில் இந்தக் கேள்விதான் முதலில் வரும். பேர், வயசு எல்லாம் அப்புறம். மதுரைப் பக்கம் வழக்கமாகக் கிடைக்கிற பதில் இப்படி இருக்கும்: "வெள்ளன அஞ்சு மணிக்குக் காப்பி கொடுக்கப் போனப்ப பாத்தோம் சார், கை கால் இழுத்துக்கிருச்சு. ராத்திரி நல்லாத்தேன் இருந்தாரு."

அஞ்சு மணி என்பது வீட்டார் கண்ட நேரம். சிகிச்சைக் கணக்குக்கு அது உதவாது. ராத்திரி பத்து மணிக்குப் படுத்தவர் என்றால் கடிகாரம் பத்து மணிக்கே ஓடத் தொடங்கிவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் மூணரைக்கு அவரே எழுந்து கொல்லைக்குப் போய்த் திரும்பியதைத் திண்ணையில் படுத்திருந்த பேரன் பார்த்திருந்தால், கடிகாரம் மூணரைக்கு நகர்ந்துவிடும். அந்தப் பேரனை வீட்டிலேயே விட்டுவிட்டு மாமா, சித்தப்பா என்று ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து பிரயோஜனமில்லை. கடைசியாகப் பார்த்தவர் வண்டியில் ஏற வேண்டும், இல்லையென்றால் போனிலாவது கிடைக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லையா? அவருடைய போனை எடுத்துப் பாருங்கள். கடைசியாகப் பேசிய கால், கடைசியாக அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், எல்லாமே சாட்சிதான்.

இவ்வளவு நோண்டுவதற்குக் காரணம் நாலரை மணி நேரக் கெடு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் ஊசியை மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று 1995இல் அமெரிக்காவின் நிண்ட்ஸ் ஆய்வு காட்டியது. 2008இல் ஐரோப்பாவின் ஈகாஸ்-3 ஆய்வு அந்தக் கெடுவை நாலரை மணி வரை நீட்டியது. நாலரை வரை நேரம் இருக்கிறதே என்று சாவகாசமாகக் கிளம்பலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 2014இல் வந்த கணக்கின்படி, மூன்று மணிக்குள் ஊசி போட்ட 100 பேரில், போடாதவர்களைவிடக் கூடுதலாகப் பத்துப் பேர் ஊனம் ஏதுமின்றித் தேறினார்கள். மூன்றுக்கும் நாலரைக்கும் நடுவில் அது ஐந்து பேராகச் சுருங்கிவிட்டது. பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பு செல்கள் சாகும் என்பது 2006இல் போட்ட கணக்கு.

மேலே சொன்ன மூணரைக்காரர் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் என்று வைத்துக்கொள்வோம். அஞ்சு மணிக்குப் பார்த்தவுடன் 108க்கு அடித்து, "ஒரு பக்கம் விழுந்துருச்சு, ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு" என்று சொல்லி ஏற்றினால் ஆறரைக்கு மதுரை. சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்து, ஏழேகாலுக்குள் ஊசி போட்டுவிடலாம். கெடு எட்டு மணி வரை. இதே ஆளை முதலில் பக்கத்து நர்ஸிங்ஹோமில் இறக்கி, ஒரு குளுக்கோஸ் பாட்டிலை மாட்டி, "கொஞ்சம் பாப்போம்" என்று ரெண்டு மணி நேரம் வைத்திருந்து லெட்டர் கொடுத்து அனுப்பினால், மதுரைக்கு வரும்போது எட்டரை. ஊசிக்கான நேரம் முடிந்தது. சி.டி. இல்லாத இடத்தில் செய்கிற எந்த முதலுதவியும் இந்த ரெண்டு மணி நேரத்துக்கு ஈடாகாது. கிளம்பும்போதே போனில் ரெண்டு விஷயம் கேளுங்கள்: சி.டி. மெஷின் இப்போது ஓடுகிறதா? கட்டி கரைக்கிற ஊசி கையிருப்பில் இருக்கிறதா? சித்திரைத் திருவிழா நாட்களில் மூன்றாவதாக இன்னொன்றும் கேட்க வேண்டும். எந்தப் பாலம் திறந்திருக்கிறது?

அடையாளம் காண்பது சிரமமில்லை. 'ஈ' என்று பல்லைக் காட்டச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணும். கண்ணை மூடி ரெண்டு கையையும் உள்ளங்கை மேலே பார்க்க நீட்டச் சொன்னால் பத்து விநாடிக்குள் ஒரு கை இறங்கும். "வைகை ஆத்துல தண்ணி வந்துருச்சு" என்று சொல்லச் சொன்னால் குழறும், அல்லது வார்த்தை மாறி வரும். இதில் ஏதாவது ஒன்று திடீரென்று வந்தாலே கிளம்ப வேண்டியதுதான். ஏமாற்றுவது பின்மூளைப் பக்கவாதம். கை கால் நன்றாக இருக்கும், ஆனால் திடீரென்று தலை சுற்றும், வாந்தி வரும், எல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரியும், நிற்க வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்வார். இதைப் பித்தம் என்று எலுமிச்சம்பழச் சாறு கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறார்கள்.

வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசையும் சேர்ந்து விழுந்திருந்தால் அந்த ஒரு வாய் சோடா நுரையீரலுக்குப் போகும். மூன்றாம் நாள் நிமோனியாவாகத் திரும்பி வரும். விரல் நுனியை ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கும் வாட்ஸப் வைத்தியம், புறா ரத்தம் தேய்ப்பது, இவற்றால் நேரம் போவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. ஆஸ்பிரினை வாயில் போடுவதும் பிரஷர் மாத்திரையை நசுக்கி நாக்கடியில் வைப்பதும் அதைவிட ஆபத்து. மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்து ரத்தம் கசிகிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைக் கூட்டும். அடைப்பாக இருந்தால், கிடைக்கிற கொஞ்ச ரத்தத்தையாவது மூளைக்குத் தள்ளுவதற்குத்தான் பிரஷர் ஏறியிருக்கிறது. அதைத் தடாலென்று இறக்கினால் பிழைக்க வேண்டிய பகுதியும் காய்ந்துவிடும். ஊசி போடப் போகிறவருக்கு 185/110க்குக் கீழே கொண்டுவருவார்கள். ஊசி இல்லையென்றால் பொதுவாக 220/120 வரை தொடாமல் விடுவதும் உண்டு.

ஆஸ்பத்திரிக்கு உள்ளே நடப்பதில் ரெண்டு இடங்களில் சறுக்கும். முதலாவது, சுகர். ராத்திரி மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தவருக்குச் சர்க்கரை 50க்குக் கீழே போனால் அச்சு அசல் பக்கவாதம் மாதிரியே ஒரு பக்கம் விழும். விரல் நுனி ரத்தத்தில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், குளுக்கோஸ் ஏற்றினால் எழுந்து உட்காருவார்.

இரண்டாவது, எடை. ஆல்டிபிளேஸ் கிலோவுக்கு 0.9 மி.கி., அதிகபட்சம் 90. 60 கிலோ ஆளுக்கு 54 மி.கி. அதில் பத்தில் ஒரு பங்கான 5.4 மி.கி. ஒரு நிமிடத்தில், மீதி 48.6 மி.கி. ஒரு மணி நேரத்தில் மெதுவாகப் போக வேண்டும். கலக்கும்போது குலுக்கினால் நுரைத்துவிடும், பாட்டிலைச் சுழற்ற மட்டும்தான் வேண்டும். படுத்தபடுக்கையாக வந்தவரை எடை மெஷினில் நிறுத்த முடியாது. கட்டிலோடு எடை பார்க்கும் மெஷின் இல்லாத இடத்தில் "ஒரு எழுபது இருப்பாரு" என்று யாராவது சொல்வதுதான் கணக்கு. நிஜத்தில் 58 என்றால் 10 மி.கி.க்கு மேல் கூடுதலாகப் போகும். சரியான அளவில் போட்டாலே நிண்ட்ஸ் ஆய்வில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மூளையில் ரத்தம் கசிந்தது.

இப்போது டெனெக்டிபிளேஸ் என்ற, கட்டி கரைக்கிற இன்னொரு ஊசி பரவலாகி வருகிறது. 2022இல் கனடா ஆய்வு அது ஆல்டிபிளேஸுக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. கிலோவுக்கு 0.25 மி.கி., அதிகபட்சம் 25, ஒரே தள்ளில் முடிந்துவிடும். மருந்தை மெதுவாக ஏற்றும் பம்ப் வேண்டாம் என்பதால் வேறு ஊருக்கு அனுப்ப வேண்டியவருக்கு இதுதான் தோது. ஆனால் இதே மருந்து மாரடைப்புக்கு ஏறக்குறைய இரட்டை அளவில் போடப்படுகிறது. அவசரத்தில் மாரடைப்பு டோஸ் கைக்கு வந்துவிடும், அதனால் ரெண்டு பேர் சத்தமாகப் படித்துச் சரிபார்த்துத்தான் ஏற்ற வேண்டும். குளுக்கோஸ் ஓடிய லைனில் போட்டால் படிந்துவிடும், முன்னும் பின்னும் நார்மல் சலைன் விட வேண்டும்.

நாலரை தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் இப்போது பழைய பேச்சு. பெரிய குழாய் அடைப்பில், தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை உருவி எடுப்பது பலன் தரும் என்று 2015இல் அடுத்தடுத்து வந்த ஐந்து ஆய்வுகள் நிரூபித்தன. 2018இல் டான் ஆய்வு, ஸ்கேனில் காப்பாற்றத்தக்க பகுதி மிச்சமிருந்தால் 24 மணி வரைகூட எடுக்கலாம் என்றது. அந்த 24 மணியும் கடைசியாக நல்லா இருந்த நேரத்திலிருந்துதான் எண்ணப்படுகிறது. தூக்கத்தில் வந்தவர்களுக்கு எம்.ஆர்.ஐ. பார்த்து ஊசியே போடலாம் என்று அதே ஆண்டு இன்னொரு ஆய்வும் வந்தது.

பத்து நிமிடம் கை மரத்து, தானாகச் சரியாகிவிடுகிற சங்கதியைத்தான் எல்லோரும் லேசாக விடுகிறார்கள். 'காத்து பட்டிருக்கும்' என்று வேப்பிலை அடித்து அனுப்பிவிடுவார்கள். அடுத்த ரெண்டு நாளில் முழுப் பக்கவாதம் வரலாம் என்பதுதான் நிஜ ஆபத்து. ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சேர்த்து 21 நாள் கொடுத்தால் மறுபடி வருவது குறையும் என்று 2013இல் சீன ஆய்வு காட்டியது. இங்கே தவறு நடப்பது இருபத்திரெண்டாம் நாளில். பழைய சீட்டையே மருந்துக்கடையில் நீட்டி, ரெண்டையும் வருஷக்கணக்கில் விழுங்கி, வயிற்றில் ரத்தம் கசிந்து வருகிறவர்கள் உண்டு. எதை நிறுத்துவது, எப்போது நிறுத்துவது என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு எழுதி வாங்குங்கள்.

நம் ஊர் ஆராய்ச்சியில் ஏமாற்றமும் இருக்கிறது. பக்கவாதம் வந்தவர்களுக்குக் குறுஞ்செய்தி, வீடியோ, கையேடு என்று 12 மொழிகளில் அனுப்பிப் பார்த்த ஸ்பிரிண்ட் இந்தியா ஆய்வு 2023இல் வெளிவந்தது. மறுபடி பக்கவாதம் வருவது குறையவில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதும், சிகரெட், குடியை விடுவதும் மட்டும் கூடின. ஒரு வருஷத்தில் பலன் தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்தது அதிகம் என்பது என் எண்ணம். உப்பில் முடிவு தெளிவு. கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைச் சீனாவின் 600 கிராமங்களில் கொடுத்துப் பார்த்ததில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததை 2021இல் எழுதினார்கள். கிட்னி கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. கருவாடு, மோர்மிளகாய், வடகம் மூன்றும் ஒரே தட்டில் இருந்தால் எந்த உப்பை வாங்கினாலும் ஒன்றுதான்.

ஒரு தாளில் இதையெல்லாம் எழுதி ரேஷன் கார்டு உறைக்குள் வையுங்கள்: மாத்திரைகளின் பெயர், ஆசிட்ரோம் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கப் போடுவது இருந்தால் அதைச் சிவப்பில், கடைசி மூன்று மாதத்தில் நடந்த ஆபரேஷன், எடை. "வெள்ளை மாத்திரை சார், காலைல ஒண்ணு" என்பதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. எடையை மட்டும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா அடித்துத் திருத்துங்கள்.