ஆப்டிலிருந்து நிக்ஸுக்கு: ஒரு டாட்ஃபைல்ஸ் நாட்குறிப்பு

ஜூன் 7, 2025, சனி

என் கருவிகளையும் அவற்றின் அமைப்புக் கோப்புகளையும் (டாட்ஃபைல்ஸ்) கணினியில் ஏற்றும் இன்ஸ்டால் ஸ்கிரிப்டுக்கு முழுக்குப் போடுவதென்று முடிவு செய்தாயிற்று.

வீட்டு லேப்டாப்பில் டெபியன் 12, ஆபீஸ் லேப்டாப்பில் உபுண்டு 24.04. இரண்டு லினக்ஸும் ஆப்ட் என்ற பேக்கேஜ் மேனேஜரால் மென்பொருள் நிறுவும் குடும்பம்தான். ஆனாலும் ஒரே ஸ்கிரிப்ட் இரண்டுக்கும் ஒத்துவருவதில்லை. டெபியன் 12 தரும் நியோவிம் எடிட்டர் 0.7.2, உபுண்டு தருவது 0.9.5. அதன் துணைநிரல்களை நிர்வகிக்க நான் பயன்படுத்தும் லேசி பிளகின் மேனேஜருக்கோ குறைந்தது 0.8 வேண்டும். அதனால் வீட்டில் மட்டும் நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பான ஆப்இமேஜை இறக்கி வைத்திருக்கிறேன். எஃப்டி என்கிற தேடும் கருவியை நிறுவினால் எஃப்டிஃபைண்ட் என்ற பெயரில் வரும், கோப்பைக் காட்டும் பேட் என்பது பேட்கேட் ஆகிவிடும். அந்தச் சின்னப் பெயர்களை டெபியனில் வேறு பேக்கேஜ்கள் முன்பே பிடித்துக்கொண்டன. கை பழகிய பெயர்களுக்காக அலியாஸ் (மாற்றுப்பெயர்) எழுத வேண்டியிருக்கிறது.

கோப்புகளுக்குள் தேடும் ரிப்கிரெப் இரண்டு இடத்தில் கிடக்கிறது. ஆப்ட் போட்டது 13, ரஸ்ட் மொழியின் கார்கோ போட்டது 14. எது ஓடும் என்பது ஷெல் நிரல்களைத் தேடும் ஃபோல்டர்களின் (பாத்) வரிசையைப் பொறுத்தது. இது போதாதென்று பைத்தானின் பிப்எக்ஸ், ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம் கொண்டுவந்தவை வேறு. எது எங்கிருந்து வந்தது, எதற்கு யார் அப்டேட் தருவார்கள் என்று ஒரே இடத்தில் பார்க்க வழியே இல்லை.

ஆப்டை நான் குறை சொல்லவில்லை. கர்னல், சிஸ்டம்டி, பிரிண்டர் சமாச்சாரம் எல்லாம் அசையாமல் இருப்பதுதான் எனக்கும் வேண்டும். தினமும் கைபடும் கருவிகளுக்குத்தான் அந்த நிதானம் சரிப்படவில்லை. ஆகவே ஆப்ட் அப்படியே இருக்கட்டும். அதன்மேல் நிக்ஸ் என்ற இன்னொரு பேக்கேஜ் மேனேஜர், நிக்ஸை வைத்து என் கருவிகளையும் அமைப்புக் கோப்புகளையும் ஏற்றும் ஹோம் மேனேஜர். முழுக்க நிக்ஸால் கட்டிய லினக்ஸான நிக்ஸ்ஓஎஸ்ஸுக்குப் போகும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

நிக்ஸ் ஏறிவிட்டது. டீமனோடு (பின்னணியில் ஓடும் சேவை) நிறுவினால் கணினியில் என்னென்ன செய்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேரில் நிக்ஸ் என்று ஒரு ஃபோல்டர், பில்ட் செய்வதற்கென்றே நிக்ஸ்பில்ட்1 தொடங்கி 32 வரை கணக்குகள், பாஷ், இசட்ஷெல் பொதுக் கோப்புகளில் சில வரிகள். பழைய கோப்புகளை பேக்கப் எடுத்து வைத்துவிட்டுத்தான் கை வைக்கிறது. நல்ல பழக்கம்.

அந்த நிக்ஸ் ஃபோல்டரில் உள்ள ஸ்டோருக்குள் ஒவ்வொரு பேக்கேஜும் 32 எழுத்து ஹேஷோடு (கைரேகை மாதிரி ஓர் அடையாளக் குறி) தனி ஃபோல்டராக உட்கார்ந்திருக்கிறது. அந்த ஹேஷ் பேக்கேஜைக் கட்டப் பயன்பட்ட எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. மூலக் கோடு, கம்பைலர், சார்ந்திருக்கும் லைப்ரரிகள், எதில் ஒரு துளி மாறினாலும் ஃபோல்டர் வேறு. அதனால்தான் ஒரே கருவியின் இரண்டு பதிப்புகள் சண்டை போடாமல் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடிகிறது. ஏல்கோ டோல்ஸ்ட்ரா உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 2006-இல் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் இருக்கும் யோசனை இது. ஹேஷில் ஈ, ஓ, டி, யூ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் வரவே வராது. தற்செயலாகக் கெட்ட வார்த்தை எதுவும் அமைந்துவிடக் கூடாது என்பதற்காக விட்டுவிட்டார்களாம். இப்படிக்கூட யோசிப்பார்களா என்று சிரித்துவிட்டேன்.

ஹோம் மேனேஜர் இசட்ஷெல் கோப்பை எழுத வந்தபோது, அங்கே ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது, மேலெழுத மாட்டேன் என்று நின்றுவிட்டது. பேக்கப் எடுக்கச் சொல்லும் ஒரு ஃப்ளாக் கொடுத்தால் பழையதை வேறு பெயரில் ஒதுக்கிவிட்டுத் தன்னுடையதை வைக்கிறது. ஷெல்லை இன்னும் முழுதாக அதன் கையில் கொடுக்க மனம் வரவில்லை. கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், டெர்மினலைப் பல பகுதிகளாகப் பிரிக்கும் டிமக்ஸ், ரிப்கிரெப், எஃப்டி, பேட், நியோவிம், இவை மட்டும் முதல் பட்டியலில். எஃப்டி எஃப்டியாகவே வருகிறது!

ஜூன் 14, சனி

சேனலா, ஃப்ளேக்கா? நிக்ஸ் எந்தப் பதிப்புகளை எடுக்கும் என்பதை முடிவு செய்ய இரண்டு வழிகள். வாரம் முழுக்க இதே யோசனை.

சேனல் எளிது. ஆனால் எந்தத் தேதியின் நிக்ஸ்பேக்கேஜஸை (நிக்ஸின் பேக்கேஜ் தொகுப்பு) பயன்படுத்துகிறோம் என்ற தகவல் கணினியில்தான் இருக்கும், என் அமைப்புக் கோப்புகளை வைத்திருக்கும் கிட் ரெப்போவில் இருக்காது. அதே ஹோம் கோப்பை ஆபீஸ் லேப்டாப்பில் ஓட்டினால் வேறு பதிப்புகள் வரலாம். அதற்கு ஆப்டே போதுமே, எதற்கு இவ்வளவு பாடு?

ஃப்ளேக்கில் பதிப்பைப் பூட்டிவைக்கும் லாக் கோப்பு உண்டு, அது ரெப்போவிலேயே இருக்கும். திறந்து பார்த்தால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. நிக்ஸ்பேக்கேஜஸின் கமிட் எண் நாற்பது எழுத்தில், உள்ளடக்கத்தின் ஹேஷ், கடைசியாக மாறிய நேரம். அப்டேட் செய்த பிறகு கிட் டிஃப் பார்த்தால் மாறுவது இந்தச் சில வரிகள்தான். ஏதாவது உடைந்தால் லாக் கோப்பைப் பழைய கமிட்டுக்குத் திருப்பி மறுபடி ஸ்விட்ச் (ஹோம் மேனேஜர் அமைப்பை அமலாக்கும் கட்டளை) கொடுத்தால் போதும். சேனலில் முந்தைய ஜெனரேஷனுக்கு, அதாவது ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் சேமித்து வைக்கும் பழைய நிலைக்கு, திரும்பலாம்தான், ஆனால் அந்தத் திரும்புதல் அந்த ஒரு கணினியோடு நின்றுவிடும்.

2021-இல் நிக்ஸ் 2.4-உடன் வந்த ஃப்ளேக் இன்னும் 'சோதனை அம்சம்' என்ற பட்டியலில்தான் இருக்கிறது. கான்ஃபிக்கில் அதைத் தனியாக இயக்க வேண்டும். ஊரே பயன்படுத்தும் ஒன்றுக்கு இத்தனை வருடம் இந்தப் பெயர்ப்பலகை எதற்கு என்று புரியவில்லை.

இரண்டு விஷயம் குறித்து வைக்கிறேன். ஒன்று, கிட் ரெப்போவில் இருக்கும் ஃப்ளேக் கிட்டுக்குத் தெரிந்த கோப்புகளை மட்டுமே பார்க்கும். புதிதாக ஒரு கோப்பு எழுதி, கிட் ஆட் கொடுக்காமல் ஸ்விட்ச் செய்தால், கண்ணெதிரே இருக்கும் கோப்பை இல்லை என்று சாதிக்கும். கமிட் தேவையில்லை, ஆட் போதும். இன்னொன்று, ஹோம் மேனேஜர் தனக்கென்று ஒரு நிக்ஸ்பேக்கேஜஸை இழுத்துவரும். என்னுடையதையே பின்பற்று என்று ஃபாலோஸ் வரி போட்டால்தான் இரண்டு பிரதிகள் வராமல் இருக்கும்.

நிக்ஸ்பேக்கேஜஸைக் கடந்த மாதம் வந்த 25.05 கிளையில் நிறுத்தியிருக்கிறேன்.

ஜூன் 21, சனி

இன்று தமிழ்ப் பிரச்சினை.

என் கணினியில் நேரக் காட்சி மட்டும் தமிழில் இருக்கும்படி லொக்கேல் (மொழி, வட்டார அமைப்பு) வைத்திருக்கிறேன். டெர்மினலில் டேட் என்று அடித்தால் கிழமையும் மாதமும் தமிழில் வரும். டேட் போன்ற அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான கோர்யுடில்ஸை நிக்ஸ் பட்டியலில் சேர்த்த உடனே அது ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. நிக்ஸ் தரும் நிரல்கள் தங்களுடைய சொந்த ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியோடு ஓடுகின்றன. டெபியன் லொக்கேல் கோப்பு வைத்திருக்கும் இடம் அவற்றுக்குத் தெரியாது. ஹோம் மேனேஜர் இதற்கான சூழல் மாறியை ஒரு கோப்பில் எழுதித்தான் வைக்கிறது. ஆனால் ஷெல்லை அதன் பொறுப்பில் விடாதவர்கள் அந்தக் கோப்பைத் தாங்களே ஷெல்லில் சோர்ஸ் செய்ய (படிக்க வைக்க) வேண்டும். ஒரு வரி சேர்த்தேன், ஜூன் மறுபடி தமிழில் வந்தது.

எழுத்துருக்கள் சுலபம். நோட்டோவையும் லோகித் தமிழையும் பட்டியலில் போட்டு, எழுத்துருக்களைத் தேடித்தரும் ஃபான்ட்கான்ஃபிக்கை இயக்கச் சொன்னால் சரி.

அடுத்தது கீபோர்டு. தமிழ்99-ஐ ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள்கள் வழியாக அடிக்கிறேன். ஐபஸ் டெபியனுடையது. கியூட்டி என்ற ஜன்னல் லைப்ரரியில் எழுதி நிக்ஸ் தரும் செயலி உள்ளீட்டு பிளகினைத் தன் கியூட்டியோடு பொருந்தும் பில்டாக இருந்தால்தான் ஏற்றும். டெபியனின் பிளகின் அதற்கு வேற்றாள். செயலி திறக்கிறது, ஆங்கிலம் அடிக்கலாம், தமிழ் விழாது. கிராஃபிக்ஸும் அதே கதைதான். நிக்ஸ் நிரல்கள் ஓபன்ஜிஎல் டிரைவரைத் தேடும் ஃபோல்டர் நிக்ஸ்ஓஎஸ்ஸில்தான் இருக்கும். ஜிபியூவை நம்பும் டெர்மினல்கள் டெபியனில் திறக்கவே மறுக்கும். நிக்ஸ்ஜிஎல் என்று ஒரு மாற்று வழி இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு செயலியையும் அதற்குள் சுற்றித்தான் ஓட்ட வேண்டும்.

எதற்கு வம்பு. ஜன்னல் திறக்கும் எதுவும் ஆப்டுக்கு, டெர்மினலுக்குள் ஓடும் எல்லாம் நிக்ஸுக்கு. வாடகை வீடு மாதிரிதான்: சுவரும் குழாயும் வீட்டுக்காரர் பொறுப்பு, பாத்திரம் பண்டம் என்னுடையது, காலி செய்யும்போது என்னோடு வரும். பழைய ஸ்கிரிப்டில் இந்த இரண்டும் கலந்து கிடந்ததுதான் சிக்கலே.

ஜூலை 5, சனி

நிக்ஸ் ஸ்டோர் பன்னிரண்டு ஜிபியைத் தாண்டிவிட்டது. பழைய ஜெனரேஷன்கள் எல்லாம் அப்படியே உயிரோடு இருந்தால் அப்படித்தான். முப்பது நாளுக்கு மேல் பழையதை நீக்கு என்று பயன்படாதவற்றை அழிக்கும் கார்பேஜ் கலெக்டரிடம் சொல்லி ஒரு டைமர் போட்டேன். நிக்ஸ் பில்ட் கொடுத்த இடத்திலெல்லாம் ரிசல்ட் என்று ஒரு சிம்லிங்க் (வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்பு) விட்டுப்போகும். அது இருக்கும்வரை அது சுட்டும் பேக்கேஜைக் குப்பை வண்டி தொடாது. தேடித் தேடி அழித்தேன்.

ஜூலை 12, சனி

ஆபீஸ் லேப்டாப். இங்கே நெட்வொர்க் வழியாகப் போகும் எல்லா இணைப்பையும் ஒரு ப்ராக்ஸி பிரித்துப் பார்த்து, தன் சான்றிதழோடு மறுபடி ஒட்டி அனுப்பும். உபுண்டுவின் பட்டியலில் அந்தச் சான்றிதழ் இருப்பதால் ஆப்டுக்குப் பிரச்சினை இல்லை. நிக்ஸ் அதைக் கண்டுகொள்ளாமல், சான்றிதழ் பிழை என்று எல்லா டவுன்லோடையும் மறுத்தது. நிக்ஸ் கான்ஃபிக்கில் எஸ்எஸ்எல் சான்றிதழ் கோப்புக்கென்று உள்ள அமைப்பில் உபுண்டுவின் கோப்பைக் காட்டி, டீமனை ரீஸ்டார்ட் செய்ததும் வழிக்கு வந்தது.

அப்புறம் ரெப்போவை குளோன் செய்து, பயனர் பெயர் மட்டும் வேறாக இரண்டாவது புரொஃபைல் எழுதி, ஒரே ஸ்விட்ச். இரண்டு லேப்டாப்பிலும் நியோவிம் ஒரே பதிப்பு, ரிப்கிரெப் ஒரே பதிப்பு, ஹேஷ்கூட எழுத்துக்கு எழுத்து அதேதான். இந்த ஒன்றுக்காகத்தான் இத்தனையும்.

ஆசைக்கு உலாவி நுட்பத்தில் கட்டிய ஒரு எலெக்ட்ரான் எடிட்டரை நிக்ஸில் போட்டுப் பார்த்தேன். சாண்ட்பாக்ஸ் (தனிமைப்படுத்தும் பாதுகாப்பு வேலி) அமைக்க முடியவில்லை என்று செத்தது. உபுண்டு 24.04-இல் சாதாரண நிரல்கள் அந்த வேலிக்கு வேண்டிய யூசர் நேம்ஸ்பேஸ் திறப்பதை ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு கட்டுப்படுத்துகிறது. தெரிந்த செயலிகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்த விலக்கு கோப்பு இருக்கும் பாதையை வைத்துத்தான். நிக்ஸ் ஸ்டோர் பாதை அந்தப் பட்டியலில் ஏது? ஜன்னல் விதி இங்கேயும் செல்லும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

டெபியன் 13 நேற்று வெளியானது. இன்று வீட்டு லேப்டாப்பை ஏற்றிவிட்டேன். பொதுக் கோப்புகளில் நிக்ஸ் சேர்த்த வரிகளை முதலிலேயே நகலெடுத்து வைத்தேன். பராமரிப்பாளரின் பதிப்பை வைக்கட்டுமா என்று ஆப்டுக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜி கேட்கும் இடத்தில் ஆமாம் என்று தட்டினால் அவை போய்விடும், டெர்மினலில் நிக்ஸே காணாமல் போகும்.

கர்னல் மாறியது, ஆப்ட் 3.0 வண்ண வண்ணமாகப் பேசுகிறது. ரீபூட் செய்து டெர்மினல் திறந்தால் டிமக்ஸ், நியோவிம், கிட் எதிலும் மாற்றமே இல்லை. ஹோம் மேனேஜரை ஓட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. டெபியனின் நியோவிமும் இப்போது 0.10.4 ஆகிவிட்டது. வந்து என்ன, இனி எனக்கு அது தேவைப்படாது.

ஆகஸ்ட் 16, சனி

மிச்சம் இருப்பது நியோவிம் பிளகின்கள். அவற்றையும் நிக்ஸில் எழுத வழி உண்டு. எழுதிப் பார்த்தேன், பிடிக்கவில்லை. ஒரு பிளகினின் அமைப்பில் ஒரு வரி மாற்றி உடனே பார்க்க நினைத்தால், ஒவ்வொரு தடவையும் ஸ்விட்ச் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். லேசிக்கே சொந்தமாக லாக் கோப்பு இருக்கிறது, அதுவும் கிட்டில்தான் இருக்கிறது. ஆகவே பிளகின்கள் லேசியிடமே.

எடிட்டருக்குப் பிழைகளையும் குறிப்புகளையும் தரும் லாங்குவேஜ் சர்வர்கள் மட்டும் கைமாறுகின்றன. மேசன் என்ற பிளகின் அவற்றை இணையத்திலிருந்து தனியாக இறக்கி வைத்திருந்தது, எந்த லாக்கிலும் வராமல். லுவா, பைத்தான், பாஷ் மூன்றுக்கும் சர்வர்களை ஹோம் பட்டியலில் சேர்த்து, மேசன் ஃபோல்டரை அழித்து, லாக் கோப்போடு கமிட் செய்தேன். திங்கட்கிழமை ஆபீஸ் லேப்டாப்பில் புல் எடுத்து ஸ்விட்ச் கொடுக்க வேண்டும்.