செயின் சா பாரின் நுனி பத்திரம்

தொண்டிப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சீமைக்கருவேலத்தை இன்று வெட்டினோம். தம்பி செயின் சாவை (சங்கிலி ரம்பத்தை) கையில் எடுத்ததும் நான் முதலில் சொன்னது, பாரின் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகட்டின்) நுனி, அதிலும் மேல்பாதி, கட்டையில் படவே கூடாதுடா, பட்டால் மெஷின் கண் இமைக்கும் நேரத்தில் எகிறி முகத்துக்கு வரும். வைரம் பாய்ந்த மரம் வேறு. மண் ஒட்டிய தூரில் ஒருதடவை உரசியதுமே பல் மழுங்கி, அதுவரை செதிலாக விழுந்தது மாவாகக் கொட்ட ஆரம்பித்தது; உடனே நிறுத்தி அரம் போட்டோம். மரம் வெட்டத்தான் செயின் சா; படகு கட்டுகிற இடத்தில் நேர்ப் பலகைக்கு வட்ட ரம்பம், வளைந்த சட்டத்துக்கு பேண்ட் சா (பட்டை ரம்பம்). எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும், அந்த ஒல்லி பிளேடு போட்ட கோட்டோடு அப்படியே திரும்பும். அப்புறம் இந்த உப்புக்காற்று! செயினைத் துடைத்து எண்ணெய் விடாமல் வைத்தால் இரண்டே நாளில் துரு ஏறிவிடும்.